பூ நாள்

அன்னபாக்கியத்துக்கு மாட்டுக் கொம்பு என்றாலே அருவருப்பு. ஆள் சுத்த சைவம். அந்தக் கொம்புகளும் எங்கிருந்து வந்தன என்கிறீர்கள்? கொழும்பு கிராண்ட்பாஸில் ஹாஷிமின் இறைச்சிக்கடையிலிருந்து, சாக்கில் கட்டி!

"என்ன பேர்னாட், கொம்புக்குள்ள சாணியை அடைச்சுத் தாட்டு வைச்சாக் கத்தரிக்காய் காய்க்குமோ? ஆரும் கேட்டாச் சிரிப்பினம்" என்று முதல் நாளே கேட்டுவிட்டாள்.

பேர்னாட் கொட்டாஞ்சேனை ஆள். அவிசாவளைப் பக்கம் தகப்பன் விட்டுப்போன நாலு ஏக்கரில், யூரியாவும் மருந்தும் போடாமல் மரக்கறி செய்துகொண்டிருந்தார். ஆறு மாதம் கொம்புக்குள் புதைந்து கிடந்த சாணியில் ஒரு பிடி எடுத்து, ஒரு மணித்தியாலம் தண்ணீரில் கலக்கித் தெளித்தால் நிலம் உயிர்க்கும் என்பார். விதைப்பெல்லாம், வெள்ளைக்காரர் போட்ட கலண்டரின்படி, நிலா நிற்கிற ராசியைப் பார்த்துத்தான். கிழங்குக்கு வேர் நாள், கீரைக்கு இலை நாள், வரம்பிலே நடுகிற செவ்வந்திக்குப் பூ நாள், காய்க்குப் பழ நாள். "இது எங்கட பஞ்சாங்கம்தானே, வெள்ளைக்காரன் புதுசா என்னத்தைக் கண்டவன்!" என்று அன்னபாக்கியம் அதையும் விட்டுவைக்கவில்லை. வாய்தான் அப்படி. சனிக்கிழமை தோறும் இருபத்தாறு குடும்பங்களுக்கான மரக்கறிக் கூடைகளும் வெள்ளவத்தையில் அவள் வீட்டுக் கராஜில்தான் வந்திறங்கின.

போகம் தொடங்க முன்னமே குடும்பங்கள் தங்கள் பங்கைக் கட்டிவிடும். பிறகு விளைகிறது எதுவோ, அது எல்லோருக்கும் சமம். தொடக்க நாளில் ஒப்பந்தத்தை வாசிப்பவள் அன்னபாக்கியம். "மழை பொய்த்தாலும் புழு விழுந்தாலும் நட்டம் தோட்டக்காரருக்கு மட்டும் இல்லை. அதிலும் எங்கள் எல்லோருக்கும் பங்கு." ஓய்வு பெற்ற ரீச்சர் அல்லவா, குரல் கணீரென்று தெருவுக்குக் கேட்கும்.

தோட்டத்தில் மண்ணோடு நின்றவர் ராமையா, மலையகத்திலிருந்து வந்தவர். தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பார், எழுதத்தான் கை வராது. பேர்னாட்டின் இங்கிலீஷ் கலண்டரை அவருக்காக ஆண்டுதோறும் அன்னபாக்கியம் தமிழில் எழுதிக் கொடுப்பாள். கொப்பித் தாளில், திகதி போட்டு, முத்து முத்தாக. "அம்மா எழுத்து கோலம் போட்ட மாதிரி இருக்குங்க" என்று சொல்லி, அதை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார் ராமையா.

அந்த வருஷம் கொம்பு புதைக்கிற கிழமையில் கொழும்பில் குண்டு வெடித்தது. தமிழன் ஒருவன் கிடங்கு வெட்டி எதையோ புதைக்கிறான் என்று யாரோ பொலிசுக்குச் சொல்லிவிட்டார்கள். வந்து தோண்டினார்கள். நாற்பது கொம்பு, உள்ளே சாணி. யாருக்கோ ஹூனியம், அதுதான் சூனியம், செய்கிறான் என்று சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள், பாழாய்ப்போன அந்தத் தாள் மட்டும் ராமையாவின் பையில் இல்லாவிட்டால். வரிசையாகத் திகதிகள். குண்டு வெடித்த திகதிக்கு நேரே 'பூ நாள்'.

ராமையாவைப் பிடித்துக்கொண்டு போய்க் கேட்டார்கள். பூ என்றால் என்ன, குண்டா? எழுதியது யார்?

"நாந்தாங்க" என்றாராம் ராமையா. பேனையைக் கொடுத்து எழுதிக் காட்டச் சொன்னார்கள். கோணல் மாணலாக இரண்டு எழுத்துக்கு மேல் வரவில்லை. பொய் சொன்ன அந்தக் கையைத்தான் அடித்தார்களாம்.

பேர்னாட் ஓடி வந்து இதையெல்லாம் சொன்னார். "அக்கா, இங்கிலீஷ் கலண்டரக் காட்டியும் எழுதின ஆள் எங்க எண்டுதான் கேக்குறாங்க. நானும் உங்கட பேரச் சொல்லயில்ல. ஆனா நீங்க வந்து, இது என்ட எழுத்து, விதைக்கிற நாள் எண்டு எழுதிக் காட்டினா விட்டிருவாங்க எண்டு லோயர் சொல்றார்."

உள்ளே மகள் றமீலா படித்துக்கொண்டிருந்தாள். இருபது வயது. பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று அடையாள அட்டையிலேயே இருக்கிறது. பொலிஸ் இந்தப் படி ஏறினால் முதலில் யாரைக் கூட்டிக்கொண்டு போகும் என்று தாய்க்குத் தெரியாதா?

"திங்கக்கிழமை வாறன், பேர்னாட்."

புறப்படாமல் இல்லை. திங்களன்று சேலை உடுத்தி, தன் எழுத்துள்ள பழைய கொப்பி ஒன்றையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். மருதானையில் ஆமி பஸ்ஸை மறித்தது. அட்டையைப் பார்த்த சிப்பாய், எங்கே போகிறாய் என்று சிங்களத்தில் கேட்டான். அவ்வளவுதான் கேட்டான். பொலிசுக்கு என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஆஸ்பத்திரிக்கு என்றாள். இறங்கி, எதிர்ப்பக்க பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினாள். அடுத்த கிழமை காய்ச்சல் என்று பேர்னாட்டுக்குச் சொல்லியனுப்பினாள். அதற்கடுத்த கிழமை அவர் கேட்கவில்லை.

ராமையா இல்லாத தோட்டத்தில் களை ஏறியது. கூடை பாதியானது. பிறகு ஒரு வாழைப்பூவும் நாலு வெண்டிக்காயும்தான் வந்தன. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. "நட்டத்திலயும் பங்கு எண்டுதானே சேர்ந்தனாங்கள்" என்றார் அயல்வீட்டு ஸ்ரீஸ்கந்தராசா, பெருமையோடு. எல்லோரும் தலையாட்டினார்கள். அன்னபாக்கியமும் ஆட்டினாள். ஆட்டினாளே, பாவி!

எட்டு மாதம் கழித்துக் குற்றம் ஒன்றும் இல்லை என்று ராமையாவை விட்டார்கள். ஒரு சனிக்கிழமை கூடைகளோடு வானிலிருந்து அவர் இறங்கினார். வலக் கை விரல்கள் மடங்கியபடியே நின்றன, நிமிரவில்லை. இடக் கையால் ஒவ்வொரு கூடையாக இறக்கி வைத்தார்.

"ராமையா, நான் வந்து சொல்லியிருக்க வேணும்..." அழுதாள்.

"பாப்பா நல்லாப் படிக்குதுங்களா?" என்று கேட்டார் அவர். பிறகு, "அந்தத் தாள அவங்களே வச்சுக்கிட்டாங்கம்மா. புதுசா ஒன்னு எழுதித் தாங்க. விதைக்கிற நேரமாச்சு."

கராஜில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்து எழுதினாள். வேர், இலை, பூ, பழம். கடைசித் திகதிக்குக் கீழே தன் முழுப் பெயரை எழுதினாள். வீட்டு விலாசம் எழுதினாள். அடையாள அட்டை இலக்கத்தையும் போட்டு, 'இதை எழுதியது நான்' என்று ஒரு வரி சேர்த்தாள்.

ராமையா தாளை வாங்கி, எழுத்துக் கூட்டிக் கீழ் வரைக்கும் வாசித்தார். பிறகு அதை வாங்கின் மேல் விரித்து, மடங்கிய கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பெயர் இருந்த துண்டை மட்டும் இடக் கையால் கிழித்து அவளிடம் நீட்டினார்.

"நாள் மட்டும் போதும்மா. இது என் பையில இருந்தா ஒங்களுக்குத்தான் கரச்சல்."