அவுட்டரில் நிற்கிற கதை

1

இந்தக் கதை பிறந்தது ஒரு சாம்பார்க் கறையிலிருந்து. இதைவிடக் கௌரவமான பிறப்பு ஒன்றைச் சொல்லலாம் என்று நான்கு தாள்களைக் கிழித்தாயிற்று. கிழித்ததில் ஒன்று:

'1978ஆம் வருஷம், பனி படர்ந்த ஒரு பங்குனிக் காலையில், திருத்தணி ஸ்டேஷனில் நான்—'

பங்குனியில் பனி ஏது? ஆறே முக்காலுக்கே முதுகு வேர்க்கிற ஊர் அது. அந்த 'நான்' என்பதையும் எடுத்துவிட வேண்டியதுதான். 'நான்' என்று எழுத உட்கார்ந்தால் இந்த ஆள் எல்லா இடத்திலும் நல்லவனாகவே வருகிறான். ஆகவே, வாசகரே, எழுதுகிறவரைப் பெயர் சொல்லியே கூப்பிடுவோம். ராஜவேலு. வயது முப்பத்தெட்டு. மெட்ராஸில் ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. திருத்தணியிலிருந்து தினமும் ரயிலில் போய்வருகிறவர். அச்சில் வந்த கதைகள் இரண்டு, திரும்பி வந்தவை நாற்பத்தொன்று.

2

முதலில் ரயில் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடப்பது விளங்காது.

காலை பாசஞ்சரில் ஏறி அரக்கோணத்தில் இறங்கி, பாலம் ஏறி, அடுத்த பிளாட்பாரத்தில் நிற்கிற மெட்ராஸ் வண்டியைப் பிடிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஆறு நிமிஷம் என்று டைம்டேபிளில் இருக்கிறது. அதைப் போட்டவருக்கு ராஜவேலுவைவிடக் கற்பனை அதிகம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் பாசஞ்சர் அரக்கோணத்துக்கு வெளியே அவுட்டர் சிக்னலில் நின்றுவிடும். இறங்கி வழிவிட வேண்டிய கைகாட்டி இறங்காது. ஜன்னலில் எட்டிப் பார்த்தால் மெட்ராஸ் வண்டி நிற்பது தெரியும். அது ஊதிவிட்டுக் கிளம்புவதும் தெரியும். அடுத்த வண்டி முக்கால் மணி கழித்து.

அதனால் சீசன் டிக்கெட்காரர்களுக்கு ஒரு வழக்கம். வண்டி அவுட்டரில் நின்றதும் படியிலிருந்து ஜல்லியில் குதித்து, சாப்பாட்டுக் கூடையோடு தண்டவாள ஓரமாக அரை மைல் ஓடுவார்கள். வேட்டிக்காரர்கள் மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுவார்கள். அடுத்த வருஷம் ரிடையர் ஆகப்போகிறவரும் ஓடுவார்.

(இந்த இடத்தில், மனித வாழ்க்கையே ஓர் அவுட்டர்தான் என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார் ராஜவேலு. நீக்கியாயிற்று. நன்றியெல்லாம் சொல்ல வேண்டாம்.)

3

பரந்தாமன், ராஜவேலுவின் பத்து வருஷ ரயில் சிநேகிதர். நெசவுக் குடும்பம். தம்பிகள் ஆர்.கே.பேட்டையில் தறி ஓட்ட, இவர் மட்டும் மெட்ராஸில் வேறொரு ஆபீஸில் வேலை கிடைத்து ரயிலேறினார். அவுட்டர் ஓட்டத்தில் எப்போதும் இவர்தான் முதல். 'பாத்திர வர்ணனை போதாது' என்று ஓரத்தில் குறிப்பு இருக்கிறது. போதும்.

ராஜவேலு ஒரு கதை எழுதினார். அதில் புருஷோத்தமன் என்று ஒருவன். அவுட்டரில் இறங்கி ஓடும்போது கால் சறுக்கி, பக்கத்துத் தண்டவாளத்தில் வந்த கூட்ஸ் வண்டியில் அடிபட்டுச் சாகிறான். ஏன் செத்தான்? ராஜவேலுவுக்குக் கதையை முடிக்கத் தெரியாததால் செத்தான். 'நம்பும்படியாக இல்லை' என்று பத்திரிகையிலிருந்து திரும்பி வந்தது.

அதைப் படிக்கச் சொல்லிப் பரந்தாமனிடம் கொடுத்தார். பரந்தாமன் படிக்கவில்லை. டிபன் கேரியர் ஒழுகுகிறது என்று கூடைக்கு அடியில் விரித்துக்கொண்டார். சாயங்காலம் கூடையைக் கழுவ எடுத்த அவர் மனைவி வரலட்சுமி, சாம்பாரில் ஊறின தாள்களைக் கொடியில் காயப்போட்டு, வரிசைப்படுத்தி, ஒரு வரி விடாமல் படித்தாள்.

பெயரை மாற்றின ராஜவேலு கூடையை மாற்ற மறந்துவிட்டிருந்தார். செத்தவன் கையிலிருந்து உருண்டு போனது மஞ்சள் கரை வைத்த பச்சை வயர்கூடை. அதைப் பின்னியவள் வரலட்சுமி.

4

மறுநாள் விடிந்ததும் புருஷனை மலைமேல் அழைத்துப் போனாள். படி அத்தனையும் ஏறவைத்து, முருகன் சன்னதியில் கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்கினாள். இனி அவுட்டரில் இறங்குவதில்லை. திருத்தணிக்காரன் வேறு எந்தச் சத்தியத்தை மீறினாலும் அந்த மலையில் செய்ததை மீற மாட்டான். ரயில் ஜன்னலில் அந்த மலை வெகுதூரம் பார்த்துக்கொண்டே வரும்.

அன்றிலிருந்து வண்டி நின்றதும் எல்லோரும் குதிக்க, பரந்தாமன் மட்டும் காலிப் பெட்டியில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, மெட்ராஸ் வண்டி போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். குதித்தவர்களில் ராஜவேலுவும் உண்டு. ஒரு மாதத்தில் பரந்தாமனுக்கு ஒன்பது நாள் லேட். லீவெல்லாம் தீர்ந்து மெமோ வந்தது. இன்னும் ஒரு நாள் லேட்டானால் ராமநாதபுரத்துக்கு மாற்றல் என்று அதிகாரி சொல்லிவிட்டார். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்களும், படுத்த படுக்கையாகக் கிடக்கிற நைனாவும் திருத்தணியில். இவர் ராமநாதபுரத்தில் என்ன செய்வார்?

"உன் கதையாலதான் வந்துது. நீயே வேற முடிவு எழுதி அவளாண்ட காட்டு," என்றார் பரந்தாமன். "அவ வாயால சரின்னு சொன்னாதான் சத்தியம் போவும்."

5

முடிவு ஒன்று: கூட்ஸ் வண்டி அவன் காலருகே வந்து நின்றுவிடுகிறது. கூட்ஸ் வண்டி அப்படியெல்லாம் நிற்காது என்றாள் வரலட்சுமி.

முடிவு இரண்டு: புருஷோத்தமன் காயத்தோடு பிழைக்கிறான். எந்தக் காலில் காயம் என்று கேட்டாள். ராஜவேலு யோசித்திருக்கவில்லை.

முடிவு மூன்று: எல்லாம் அவன் கண்ட கனவு. அவள் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காபி போட எழுந்து போனாள்.

"மொதல்ல எழுதினதுதாங்கண்ணா நெஜம்," என்றாள் டம்ளரை வைத்தபடி. "இதெல்லாம் எனக்கோசரம் எழுதிகினு வந்தது."

ராஜவேலுவுக்குத் தலைகால் புரியவில்லை. சிநேகிதர் வேலை ஊசலாடுகிறது, இவருக்குச் சந்தோஷம். இத்தனை பத்திரிகை ஆசிரியர்களும் நம்பாத தன் எழுத்தை ஒருத்தி நம்பியிருக்கிறாளே. 'அது சும்மா, பொய்யாக எழுதினது' என்று ஒரு வார்த்தை சொன்னால் பரந்தாமன் தப்பித்தார். அந்த வார்த்தை வரவில்லை. காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டார்.

(இங்கே ராஜவேலுவைக் கொஞ்சம் நல்லவராகக் காட்ட ஒரு முயற்சி நடந்தது: 'அவர் உள்ளம் குமுறிக் குமுறி—' இல்லை. நன்றாகத் தூங்கினார்.)

6

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை லேட்டாகக் கூடாது. கதை பொய் என்று சொல்லிவிடுவதென்று மறுபடி போனார். வரலட்சுமி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டாள்.

"ஜல்லியில விழுந்தவனுக்கு நாக்குல இரும்பு ருசி வந்துதுன்னு எழுதிக்கீறீங்களே. அது எப்பிடிங்கண்ணா தெரியும்?"

பொய் சொல்லப் போன இடத்தில் ராஜவேலு மாட்டிக்கொண்டார். உண்மையைச் சொன்னார். விழுந்தது புருஷோத்தமன் இல்லை, பரந்தாமனும் இல்லை. போன ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, ராஜவேலுதான் விழுந்தார். கூட்ஸ் வந்துகொண்டிருந்தது. முன்னால் ஓடின பரந்தாமன் திரும்பி வந்து, கூடையை வீசிவிட்டு, சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டார். கூடை உருண்டது அப்போதுதான். கூட்டத்தில் நசுங்கிவிட்டது என்று வீட்டில் சொல்லிவிட்டார். ராஜவேலு மறுநாளே மறுபடி ஓடினார். பிறர் கையால் பிழைத்தவனாகத் தன்னை எழுத வெட்கப்பட்டு, பிழைக்க வைத்தவரைக் கதையில் சாகடித்தார்.

வாசகரே, முதல் தாளில் அந்த 'நான்' கிழிபட்டதும் இதற்காகத்தான். ராஜவேலு ராஜவேலு என்று இவ்வளவு தூரம் ஓட்டியாயிற்று. விழுந்தவன் நான்.

வரலட்சுமி முறத்தைக் கீழே வைத்தாள். புடவையில் ஒட்டின தவிட்டைத் தட்டிவிட்டாள். உண்மையைச் சொன்னதற்காகவாவது சத்தியத்தை எடுத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"அப்போ நீங்களும் வாங்கண்ணா மலைக்கு," என்றாள்.

7

இன்று திங்கட்கிழமை. வண்டி அவுட்டரில் நிற்கிறது. எல்லோரும் குதித்து ஓடிவிட்டார்கள். பெட்டியில் சத்தியம் செய்த நாங்கள் இரண்டு பேர், நடுவே பச்சைக் கூடை. நேற்றுத் தொடங்கினதை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"இன்னாபா எழுதிகினு கீற?" என்கிறார் பரந்தாமன்.

முடிவு என்கிறேன். ஆங் என்று தலையாட்டிவிட்டு வெளியே பார்க்கிறார்.

"ராமநாதபுரத்துல கடல் கீதாமே," என்கிறார்.

மெட்ராஸ் வண்டி இன்னும் பிளாட்பாரத்தில்தான் நிற்கிறது. கைகாட்டி இறங்கவில்லை. அதை இறக்குவதோ, மெட்ராஸ் வண்டியைக் கிளப்பிவிடுவதோ இனி உங்கள் பொறுப்பு. முடிக்கத் தெரியாதவன் என்று நான் முன்பே ஒப்புக்கொண்டாயிற்று. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எப்படி முடித்தாலும் எங்கள் இரண்டு பேரையும் ஜல்லியில் இறக்கிவிடாதீர்கள். இந்தத் தாள்கள் கூடைக்கு அடியில்தான் போகப்போகின்றன. சாயங்காலம் வரலட்சுமி படிப்பாள்.