கல்யாணத்தன்று காலையில் ஆபேல் இறந்துபோனார்

மகள் கல்யாணத்தில் ரசலையனுக்கு ஒரே ஒரு ஆசைதான். பந்தியில் யார் முந்தி உட்கார்ந்தாலும் சரி, பாயசம் நீர்த்துப்போனாலும் சரி, ரெனிஷாவின் கையைப் பிடித்துக் கோயில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் அவர்தான் நடத்திக்கொண்டு போக வேண்டும். பட்டாளத்தில் இருந்த மனிதர். மகள் பிறந்தபோது காஷ்மீரில் இருந்தார், ஞானஸ்நானத்தின்போது அஸ்ஸாமில். பள்ளிக்கூடத்தில் அவள் முதல் பரிசு வாங்கியபோது லீவு கிடைக்கவில்லை. மனைவி இறந்த பிறகு பென்ஷனோடு ஊருக்கு வந்து, தலை பின்னிவிடக் கற்று, மீன் குழம்பு வைக்கக் கற்று, மகளை நர்ஸுக்குப் படிக்க வைத்தார். கூட இல்லாமல் போன நாட்களையெல்லாம் அந்த ஒரு நடையில் ஈடுகட்டிவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

ஊருக்கு அவர் வேறு விதத்தில் வேண்டியவர். இராஜாக்கமங்கலம் பக்கத்து அந்தச் சபையில் சாவு விழுந்தால், ஆண்களைக் குளிப்பாட்டி உடுப்பு மாட்டிப் பெட்டியில் வைப்பது ரசலையன்தான். ஒரு காப்பிகூடக் கேட்க மாட்டார். ஆனால் சாவு வீட்டுக்குப் போய்வந்தவர்கள் குளிக்காமல் வீட்டுக்குள் நுழையத் தயங்கினால் மட்டும் கோபம் வரும். ஞானஸ்நானம் வாங்கின வேதக்காரனுக்கு என்னலே தீட்டு என்று நடுத்தெருவில் வைத்துக் கேட்பார். ஒருமுறை பிரேதத்தைப் பெட்டியில் வைத்த கையோடு பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினார். குழந்தையின் அம்மை நடுங்கிப்போனாள். இவர் சிரித்தார்.

கல்யாணத்தன்று விடிந்தும் விடியாததுமாகக் கோயில்பிள்ளை ரத்தினம் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். கோயில் மணி அடிப்பது அவர் பொறுப்பு. அடுத்த தெரு ஆபேல் தவறிவிட்டார், சாவு மணியை இப்போதே அடிக்கவா, தாலி கட்டின பிறகு அடிக்கவா என்று கேட்டார். மகள் கல்யாணத்தன்று சாவு மணி கேட்க எந்தத் தகப்பனுக்குப் பிடிக்கும்? தாலி கட்டின பிறகு போதும் என்றார் ரசலையன். அதற்கப்புறம்தான், குளிப்பாட்டுவது யார் என்று கேட்டார். ரத்தினம் மறுபடியும் தலையைச் சொறிந்தார். ஆபேலின் மகன்கள் இரண்டு பேரும் துபாயில். மனைவி தேவகனியோ, ரசலையனிடம் மட்டும் இப்போது சொல்ல வேண்டாம் என்று சொல்லித்தான் ரத்தினத்தை மணியடிக்க அனுப்பியிருந்தாள்.

கைகால் விறைத்துவிட்டால் பிறகு சட்டை மாட்ட முடியாது. ரசலையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் போனார்.

போகும்போது இருந்த தைரியம் திரும்பும்போது இல்லை. கிணற்றடியில் சோப்பு தேய்த்துக் குளித்தார். வாளியில் டெட்டால் கலந்து மறுபடியும் குளித்தார். கையை முகர்ந்து பார்த்துவிட்டு இன்னொரு தரம் சோப்பை எடுத்தார். ஊருக்குத்தான் உபதேசம் என்பது சும்மாவா? மகள் என்று வந்ததும் மனிதர் ஆடிப்போய்விட்டார். வாழப்போன வீட்டில் நாளைக்கு அவளுக்கு ஒரு தலைவலி வந்தாலும், இந்தக் கையால் வந்ததோ என்றுதானே தோன்றும்? தம்பி ஞானையனைக் கூப்பிட்டு, எனக்கு முட்டுவலி, பிள்ளையை நீயே நடத்திக்கொண்டு போ என்றார். சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கோயில் வாசலில் ரெனிஷா காரிலிருந்து இறங்கவில்லை. சித்தப்பா நீட்டிய கையைப் பார்த்துவிட்டு, அப்பா வரட்டும் என்று உட்கார்ந்துவிட்டாள். உள்ளே பாட்டு தொடங்கியாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் ரசலையன் கார் கதவருகே வந்தார், இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு. முட்டுவலிக் கதையை மகளிடம் சொல்லிப் பார்த்தார். அவளா நம்புவாள்?

"ஆபேலைக் குளிப்பாட்டிட்டு வந்திருக்கேன் மக்கா," என்றார் கடைசியில். "இந்தக் கையால உன்னத் தொட்டு உனக்கு ஒண்ணும் ஆயிரப்பிடாது."

ரெனிஷா முக்காட்டை ஒதுக்கிவிட்டு அவரைப் பார்த்தாள். "அப்போ மத்தவங்க பிள்ளைகளுக்கு மட்டும் ஒண்ணும் ஆவாதாப்பா?"

ரசலையனுக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு நடுங்கிய அந்தத் தாயைப் பார்த்துச் சிரித்தோமே என்று வெட்கமாக இருந்தது. அவள் நடுக்கம் இன்னதென்று இப்போதுதான் புரிந்தது.

"பயந்துட்டேன் மக்கா." எல்லையில் பனிக்குள் கிடந்த காலத்தில்கூட அவர் வாயிலிருந்து வராத வார்த்தை அது.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு," என்றாள் ரெனிஷா. "கையப் பிடிச்சுக்கிடுங்க."

பின்னால் கட்டியிருந்த கையை அவர் எடுத்து நீட்டினார். சோப்பில் ஊறித் தோல் வெளுத்திருந்தது. அவள் அதைப் பற்றிக்கொண்டு இறங்கினாள். இரண்டு பேரும் பீடம் வரைக்கும் நடந்தார்கள்.

மணமகளின் கையை மணமகனிடம் கொடுக்கும்படி போதகர் சொன்னார். ரசலையன் காதில் விழவில்லை போலிருக்கிறது. போதகர் இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது. அதன் பிறகும் அவர் விரல்கள் விடவில்லை. ரெனிஷாதான் அவற்றை ஒவ்வொன்றாக மெல்ல விடுவித்தாள்.