வேலிக்குள் சிக்கிய மான்

பிப்ரவரியில் கொட்டிய பனி, மான் புகாமலிருக்கப் போட்ட கம்பிவலை வேலியின் மேல்விளிம்பு வரை குவிந்து கிடந்தது. அதன் மேலேறி நடந்து பெண்மான் ஒன்று இளங்காட்டுக்குள் இறங்கிவிட்டது. பனி உருகியதும் வெளியேற வழியில்லை. பசிக்கு ரோவன் மரக்கன்றுகளின் நுனிக்கொழுந்தைக் கடித்தது. ஊர்க்காரர்கள் ஆறு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் கூலியில்லாமல் வந்து நட்டு, புல் பிடுங்கி, முட்டுக் கொடுத்து வளர்த்த கன்றுகள். மார்ச் பாதிக்குள் மேட்டுப் பக்கம் மொட்டையாகிவிட்டது.

அந்த வட்டாரத்தில் மான் பெருகாமல் சுடும் வேலை லாக்லனுடையது. சுட்டுவிடலாம் என்றான். பள்ளிக்கூடச் சமையற்காரி டோலினாதான் மறித்தாள்.

"வயித்துல குட்டியோட இருக்குப்பா. ஒரே ஒரு தடவை விரட்டிப் பாப்போம். போகலேன்னா உன் இஷ்டம்."

"மானுக்கு வக்கீல் வந்தாச்சு. ஃபீஸு ரோவன் கொழுந்தா?" என்றார் ஃபெர்கஸ். முன்பு பஸ் ஓட்டியவர். சனிக்கிழமை வேலைக்கு இப்போது அவர்தான் மேஸ்திரி.

ஆனாலும் ஊரெல்லாம் சொல்லி ஆள் சேர்த்ததும் அவர்தான்.

சனிக்கிழமை காலை தூறலில் கீழ்மூலை வேலியை அகலமாகக் கழற்றி வைத்தார்கள். எல்லோரும் மேட்டுக்குப் போய், சாக்குத்துணி கட்டிய குச்சியோடு இடைவெளி விட்டு வரிசையாக நின்றார்கள்.

"மெதுவா இறங்குங்க. அது முன்னால போறவரைக்கும் சத்தம் கூடாது. திரும்பி வந்தா கத்துங்க, துணிய ஆட்டுங்க. யாரும் வரிசைய விடாதீங்க" என்றான் லாக்லன்.

மான் பிர்ச் மரங்களுக்குள்ளிருந்து எழுந்து, அவர்கள் நினைத்தபடியே கீழே போனது. திறந்த மூலைக்குச் சற்று முன்னால் நின்றது. மூக்கைத் தூக்கியது. சட்டென்று திரும்பி நேராக டோலினாவை நோக்கி ஓடி வந்தது.

அவ்வளவு கிட்டத்தில் அவள் மானைப் பார்த்ததில்லை. ஈர மூக்கு, புடைத்த வயிறு. கத்த வேண்டும் என்று தெரியும். கத்தவில்லை. அவள் ஓரடி விலகினாள். மான் அவளை உரசுகிற மாதிரி கடந்து மேட்டுக்கே போய்விட்டது.

"யாரு பக்கமாப் போச்சு?" என்று கூவினார் ஃபெர்கஸ்.

"என் பக்கந்தான். நான் கத்தல."

"ஏம்மா?"

"கத்தினா பயந்துடுமேன்னு…"

"பயமுறுத்தத்தானே டோலினா இத்தன பேரும் மழையில வந்தோம்!"

யாரோ சிரித்தார்கள். அவள் லாக்லனிடம் போனாள்.

"இன்னொரு தடவை விரட்டலாம்பா. இந்தத் தடவை கத்துறேன்."

"எப்படி இரைக்குது பாத்தியா? மறுபடி ஓட்டினா வேலியில மோதிக் கழுத்து முறிஞ்சு கெடக்கும்."

"அப்ப வேலியத் திறந்தே வெப்போம். தானாப் போகட்டும்."

"அது போறதுக்குள்ள வெளிய நிக்கிற மான் கூட்டம் உள்ள வந்துடும். மாசம் முடிஞ்சா பெட்டை மானச் சுடச் சட்டமும் விடாது. திங்கக்கிழமை காலைல வரேன்."

வேலியைத் திரும்ப மாட்டும்போது கம்பி முறுக்க டோலினாவும் நின்றாள்.

திங்கட்கிழமை லாக்லன் வண்டியை நிறுத்தும்போது டோலினா படலருகே நின்றிருந்தாள்.

"நீ எதுக்கு வந்த?"

"கீழ இழுக்க ஒரு ஆள் வேணுமில்ல."

அவன் மேலே போனான். கொஞ்ச நேரம் கழித்து ஒரே ஒரு வெடிச்சத்தம். அவன் கூப்பிட்டதும் ஏறிப் போனாள். அவன் மானின் வயிற்றைக் கிழித்துச் சுத்தம் செய்து முடித்திருந்தான். அந்தப் பக்கம் பார்க்காமல் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தாள்.

ஈரச் சரிவில் இரண்டு பேரும் இழுத்து இறங்கினார்கள்.

"தொடைக்கறி உனக்குத் தரட்டுமா?" என்று கேட்டான் லாக்லன்.

அவள் கயிற்றை உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

"குடு" என்றாள். "வாங்கிக்கிறேன்."

கயிறு உள்ளங்கையை அறுத்தது. மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு இழுத்தாள்.