இடது பக்கத்துச் சக்கரம்

பல் செட்டு செய்யும் கூடத்தில் ஒரு பீங்கான் பல்லை விளக்குக்கு நேரே பிடித்தால், மற்றவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேடும்போதே, "இதோ, இங்க" என்று மயிரிழை விரிசலை ஊசிமுனையால் தொட்டுக் காட்டிவிடுவாள் அவள். பதினெட்டு வருஷமாக அதுதான் பிழைப்பு. வீட்டில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பிரிந்த தையலோ, சுவரில் புதிதாக விழுந்த கீறலோ, சர்க்கரை வியாதிக்கார அண்ணன் சட்டைப்பையில் மறைத்த மிட்டாய்த் தாளோ, எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு கேமரா வாங்கினாள். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆள் வீட்டில் இல்லை. ஊருக்கு வெளியே கால்வாய்க் கரையைப் பிடித்து நடப்பாள். தும்பியின் இறக்கையில் பனித்துளி, மீன்கொத்தி முங்கி எழும் நொடி, வேலிக் கம்பியில் சிக்கிய இறகு என்று எதையாவது எடுத்துக்கொண்டு திரும்புவாள். "நாலு மணி நேரம் நடந்து அரை கிலோமீட்டர் போயிட்டு வந்திருக்கா" என்பார் அவள் வீட்டுக்காரர். அதில் பொய் கொஞ்சம்தான்.

அவளுடைய அண்ணிக்கு விமானப் பைத்தியம். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். சாப்பிடும்போது தலைக்கு மேலே சத்தம் கேட்டால் போதும், கையில் எடுத்த கவளம் அந்தரத்தில் நிற்கும். என்ன விமானம், எங்கே போகிறது, எத்தனை நிமிஷம் தாமதம் என்று ஒப்பித்துவிட்டுத்தான் வாய்க்குள் போகும்.

"வானத்துல போற பஸ்ஸு, அவ்வளவுதானே அண்ணி. நீங்க ஓட்டுற பஸ்ஸையே நான் ஒரு படம் எடுத்ததில்லை" என்று பூதக்கண்ணாடி சீண்டுவாள்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அண்ணி மூச்சு வாங்க ஓடிவந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"சனிக்கிழமை காலையில நாலு எஞ்சின் சரக்கு விமானம் ஒண்ணு நம்ம ஊருக்கு வருது. இந்தப் பக்கம் இதுக்கு முன்னாடி வந்ததே இல்லை. இனிமே வருமான்னும் தெரியாது. என் லென்ஸ் போன வாரம் கீழ விழுந்து செத்துப்போச்சு. நீ பறவைக்கு வச்சிருக்கியே ஒரு பீரங்கி, அது வேணும்."

"எடுத்துட்டுப் போங்க. அதுக்கா இந்த ஓட்டம்?"

"லென்ஸ் மட்டும் போதாது, நீயும் வேணும். ஸ்டியரிங்கைப் பிடிச்சுப் பிடிச்சு என் கை ஆடுது. உன் கை கல்லு மாதிரி நிக்கும்."

புகழ்ச்சிக்கு மயங்காதவர் யார்? பூதக்கண்ணாடி சரி என்றாள்.

ஓடுபாதையின் கடைசியில், வேலிக்கு வெளியே ஒரு மண்மேடு. விமானம் பார்க்கிறவர்கள் கூடும் இடம் அதுதான். அங்கே போக வயல் வழியாக இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். சனிக்கிழமை காலை கிளம்பியவர்கள் பாதி தூரம்கூடப் போகவில்லை, பூதக்கண்ணாடி மூன்று இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். வரப்பில் ஒரு நாரை தவளையை விழுங்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தது. அண்ணி கைக்கடிகாரத்தையும் நாரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அது விழுங்குறதுக்குள்ள என் விமானம் வந்து, சரக்கை இறக்கிட்டுத் திரும்பிப் போயிடும்டி!"

"ஒரே நிமிஷம் அண்ணி. கால் உள்ள போகுது பாருங்க."

"உன் கால் எப்போ முன்னால போகும், அதைச் சொல்லு."

மேட்டில் ஏழெட்டுப் பேர் ஏற்கெனவே இடம் பிடித்திருந்தார்கள். அவர்களில் வயலின் வாத்தியார் ஒருவர், வருகிற விமானங்களின் எண்ணை நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார். இறைச்சிக்கடைக்காரர் ஒருவர் வீட்டிலிருந்து ஏணியே கொண்டுவந்து அதன் உச்சியில் அமர்ந்திருந்தார். "வந்துட்டாங்கய்யா பஸ் டிரைவரு" என்று அவர் மேலே இருந்து குரல் கொடுத்தார்.

முதலில் தூரத்தில் ஒரு புள்ளி. புள்ளிக்கு இறக்கை முளைத்தது. "அதேதான்!" என்று அண்ணி அலறியதில் பக்கத்துப் புதரிலிருந்து குருவிகள் எழும்பிப் பறந்தன. பூதக்கண்ணாடி லென்ஸைத் தூக்கிக் கண்ணை ஒட்டவைத்தாள். வயிற்றில் வரிசையாகச் சக்கரங்கள், புகை படிந்த எஞ்சின்கள், ஒட்டுப்போட்ட தகடுகள், கண்ணாடிக்குப் பின்னால் தொப்பி போட்ட ஒரு தலை. எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து தலைக்கு மேலே வந்தபோது நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. தரை அதிர்ந்தது. காற்று அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தது. விரல் மட்டும் பொத்தானை விடவில்லை.

சத்தம் அடங்கியபோதுதான், தான் "ஐயோ, ஐயோ" என்று கத்திக்கொண்டிருந்தது அவளுக்கே தெரிந்தது.

"பஸ்ஸு எப்படி?" என்றாள் அண்ணி.

"சும்மா இருங்க அண்ணி. அடுத்தது எப்போ?"

அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. மேடு முழுக்கச் சிரித்தது.

அடுத்தது ஒரு சாதாரணப் பயணிகள் விமானம். தினமும் போவதுதான் என்பதால் வாத்தியார் நோட்டை மூடிவிட்டுப் பிளாஸ்க்கைத் திறந்தார். புதுப் பைத்தியத்துக்கு எல்லாம் ஒன்றுதான். அது ஓடி வந்து மூக்கைத் தூக்கி எழும்பும்வரை பூதக்கண்ணாடி விடாமல் சுட்டுத் தள்ளினாள். பிறகு உட்கார்ந்து கேமராத் திரையில் ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

பார்த்தவள் முகம் மாறியது.

"அண்ணி, இடது பக்கத்துச் சக்கரத்தைப் பாருங்க. வெளிப்பக்கம் இருக்கிறது. ரப்பர் கிழிஞ்சு தொங்குது."

அண்ணி பார்த்தாள். ஏணிக்காரர் இறங்கி வந்து பார்த்தார். "அது நிழலும்மா. வெயில் இந்தப் பக்கம்தானே அடிக்குது" என்றார்.

"நிழல்னா ஒரே இடத்துல நிக்கணும். இதைப் பாருங்க, கிழிசல் கீழ இருக்கு. அடுத்த படத்துல பக்கவாட்டுல. அதுக்கு அடுத்ததுல மேல. சக்கரத்தோட சேர்ந்து சுத்துது." அவள் படங்களை ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்டினாள். "விரிசலா வெளிச்சமான்னு பார்த்துச் சொல்றதுக்குத்தான் எனக்குச் சம்பளமே தர்றாங்க."

அதற்குள் விமானம் மேகத்துக்குள் போய் மறைந்திருந்தது.

வேலியில் தொங்கிய தகரப் பலகையில் அவசர எண் இருந்தது. அண்ணி அதற்கு போன் அடித்தாள். போனை எடுத்தவர், பேசுவது யார், எங்கிருந்து, எதற்காக என்று துருவித் துருவிக் கேட்டார். அண்ணியின் பொறுமை ஒரு நிமிஷத்தில் தீர்ந்தது.

"இங்க பாருங்க சார், நான் தினமும் நாற்பது குழந்தைங்களை ஏத்திக்கிட்டு வண்டி ஓட்டுறவ. டயர் கிழிஞ்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். நீங்க என்னை நம்ப வேண்டாம், வந்து படத்தைப் பாருங்க!"

ஐந்தாவது நிமிஷம் வேலிக்கு உட்பக்கமாக மஞ்சள் விளக்குச் சுழல ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கிய தீயணைப்பு அதிகாரி முதலில் சலிப்பாகத்தான் பார்த்தார். பூதக்கண்ணாடி கேமராத் திரையை வேலிக் கம்பியோடு ஒட்டிப் பிடித்து, மூன்று படத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக நகர்த்தினாள். அவர் சலிப்பு போன இடம் தெரியவில்லை. வயர்லெஸ்ஸை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். சற்று நேரத்தில் ஓடுபாதையில் இன்னொரு வண்டி மெல்ல ஊர்ந்தது. அதிலிருந்து ஒருவர் குனிந்து கறுப்பாக எதையோ பொறுக்கினார். மேட்டிலிருந்தே தெரிந்தது: முழங்கை நீளத்துக்கு ரப்பர்த் துண்டு.

அதிகாரி திரும்பி வந்தபோது அவர் பேச்சே வேறாக இருந்தது.

"விமானத்தைத் திரும்ப வரச் சொல்லியாச்சும்மா. பாரத்தைக் குறைக்க எரிபொருள் கொஞ்சம் எரியட்டும்னு மேலயே சுத்துவாங்க. அப்புறம் சக்கரத்தை இறக்கிட்டு இப்படித் தாழப் பறந்து போவாங்க. அந்தச் சோடியில இன்னொரு சக்கரம் நல்லா இருக்கான்னு தெரியணும். எங்ககிட்ட பைனாகுலர் இருக்கு, ஆனா படம் எடுக்க இந்த மாதிரி லென்ஸ் இல்லை. உங்களால முடியுமா?"

"ஒரு தடவைதான் வருமா?"

"ஒரே தடவைதான்."

மீன்கொத்தி தப்பினால் அடுத்த ஞாயிறு உண்டு. இதற்கு?

ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்தார்கள். இத்தனை நீளமான ஒன்றேகால் மணி நேரத்தை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. வாத்தியார் அவள் லென்ஸைத் தன் மெல்லிய வயலின் துணியால் துடைத்துக் கொடுத்தார். இறைச்சிக்கடைக்காரர் ஏணியைத் தூக்கிவந்து வேலி ஓரம் நிறுத்தி, "ஏறிக்கோங்கம்மா, நான் பிடிச்சுக்கிறேன்" என்றார். அண்ணி இன்னொரு பக்கம் ஏணிக்காலைக் கட்டிக்கொண்டாள். தீயணைப்பு வண்டிகள் சிவப்பு வரிசையாக வந்து நின்றன.

"வருது!"

மிக மெதுவாக வருவதுபோல் தோன்றியது. பிறகு திடீரென்று ஒரே பாய்ச்சல். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். முதலில் மூக்கு, அடுத்து இறக்கை, அதற்குக் கீழே இடது கால். ஃபோகஸ் ஒரு நொடி நழுவி மேகத்தைப் பிடித்தது. விரலை எடுத்து மறுபடி அழுத்தினாள். பிடித்துக்கொண்டது. கேமரா தையல் மெஷின் மாதிரி ஓடியது.

தலைக்கு மேலே கடந்ததும் ஏணியிலேயே உட்கார்ந்து திரையைப் பெரிதாக்கினாள். வெளிச்சக்கரம் நார்நாராகத் தொங்கியது. அதை ஒட்டிய உள்சக்கரத்தைப் பார்த்தாள். விளிம்பைப் பார்த்தாள். பக்கவாட்டைப் பார்த்தாள். அடுத்த படத்தில் மறுபடி பார்த்தாள்.

"உள்சக்கரம் முழுசா இருக்கு!" என்று கத்தினாள். "ஒரு கீறல் இல்லை!"

அதிகாரி வேலியோடு முகத்தை ஒட்டித் தானும் பார்த்து உறுதி செய்துகொண்டார். செய்தி வயர்லெஸ்ஸில் பறந்தது.

விமானம் சுற்றி வந்து இறங்கியபோது மேட்டில் ஒருவரும் இமைக்கவில்லை. பூதக்கண்ணாடியின் கேமரா மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. வலது பக்கம் முதலில் தொட்டது. இடது பக்கத்தை விமானி பச்சைக் குழந்தையைத் தொட்டிலில் இடுவதுபோல அப்புறம் இறக்கினார். கிழிந்த ரப்பர் படபடவென்று அடித்தது. புகை எழுந்தது. விமானம் கொஞ்சம் இடப்பக்கம் இழுத்தது, பின் நேரானது, ஓடி ஓடி, கடைசியில் நின்றது.

எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. வாத்தியார் ஏணிக்காரரைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். அண்ணி அழுதாளா சிரித்தாளா என்று அவளுக்கே தெரியாது. பயணிகள் படியில் இறங்கி வருவதை லென்ஸ் வழியாக எண்ண ஆரம்பித்த பூதக்கண்ணாடி, முப்பதுக்கு மேல் கண்ணீர் மறைத்ததால் விட்டுவிட்டாள்.

விசாரணைக்குப் படங்கள் வேண்டும், கேமராவின் மெமரி கார்டைக் கொடுங்கள் என்று அதிகாரி கேட்டார். "கார்டைத் தர மாட்டேன், நகல் வேணும்னா எடுத்துக்கோங்க" என்று அவள் கறாராகச் சொல்ல, அவர் சிரித்துக்கொண்டே மடிக்கணினியைக் கொண்டுவரச் சொன்னார்.

மடிக்கணினியோடு வந்த ஜீப்பில் ஒரு பெண்ணும் இருந்தாள். தோளில் நாலு பட்டை. தலைமுடி வியர்வையில் நெற்றியோடு ஒட்டியிருந்தது. இறங்கியவள் நேராக வேலிக்கு வந்தாள்.

"நீங்கதானா அந்த அக்கா?"

"நீங்கதான் இறக்கினீங்களா?" என்று பூதக்கண்ணாடி வாயைப் பிளந்தாள்.

"ஆமாம். மேல எங்களுக்கு ஒண்ணுமே தெரியலை. லேசா ஒரு தடக், அவ்வளவுதான். உங்க படத்தைப் பார்த்துட்டு வயர்லெஸ்ல சொன்ன பிறகுதான் நிம்மதியா இறக்கினேன்." கம்பி இடுக்கில் விரலை நீட்டினாள். பூதக்கண்ணாடி அந்த விரலைப் பிடித்துக் குலுக்கினாள். "ஒண்ணு கேட்கலாமா? பன்னிரண்டு வருஷமா ஓட்டுறேன். நான் இறங்குறதை நான் பார்த்ததே இல்லை. காட்டுவீங்களா?"

கேமராத் திரை மறுபடி கம்பியோடு ஒட்டியது. இந்தப் பக்கம் இரண்டு தலை, அந்தப் பக்கம் ஒன்று. ஒவ்வொரு படமாக நகர்ந்தது. வலது சக்கரம் தொட்ட படத்தில் விமானி "அடடா" என்றாள். புகை கிளம்பிய படத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"மூக்கை இன்னும் ஒரு கணம் தூக்கிப் பிடிச்சிருக்கலாம்" என்றாள்.

"போங்கம்மா, அழகா இருக்கு!" என்று அண்ணி அதட்டினாள். "நான் ஸ்பீட் பிரேக்கர்ல ஏத்துறதைப் பார்த்திருக்கீங்களா?"

விமானி வாய்விட்டுச் சிரித்தாள். போகும்போது, புதன்கிழமை காலை பத்தே முக்கால் விமானம் தன்னுடையது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை பல் செட்டுக் கூடத்து முதலாளி மேசையில், புதன்கிழமைக்கு அவளுடைய விடுப்புக் கடிதம் இருந்தது. காரணம் என்ற இடத்தில் 'விமானம் பார்க்க' என்று எழுதியிருந்தாள். நடந்த கதையை அவரும் மூன்று தடவை கேட்டிருந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்து, "எத்தனை மணிக்கும்மா? நானும் வரலாமா?" என்றார்.