மேல் மீட்டர், கீழ் மீட்டர்

மலேசியாவின் தெலுக் இந்தானில், அந்தத் தாமான் குடியிருப்புக்குள் யார் வீட்டுக் கல்யாணமானாலும் மாட்டுக்கறிக் குழம்புக்கு ஷம்சூரிதான். முதல் நாள் காலையிலேயே போய், சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, துடுப்பை வாங்கிக்கொண்டு அண்டா முன்னால் நின்றுவிடுவார். இருபது வருஷமாக இதுதான் நடைமுறை. இன்றைக்குப் பக்கத்து வீட்டிலேயே கல்யாணச் சமையல். அவரோ தன் வீட்டு அடுப்படியில், குழாய் முன்னால், கையில் ஸ்பேனரோடு நின்றுகொண்டிருந்தார்.

கூப்பிடவில்லை, அதுதான் விஷயம். பக்கத்து வீட்டு பஹாரோமின் மனைவி வந்து கல்யாணத்துக்குச் சொன்னாள். கல்யாணப் பெண்ணான மகளே வந்து அழைப்பு அட்டையும் கொடுத்தாள். ஆனால் சமையலுக்கு ஆள் கூப்பிடுவதென்றால் வீட்டுக்காரர் தன் வாயால் வந்து கூப்பிட வேண்டும். பஹாரோம் வரவில்லை.

எப்படி வருவார்? ரெண்டு பேருக்கும் ரெண்டு வருஷமாகப் பேச்சு கிடையாது. பைப் ரெஞ்ச் இரவல் கேட்கப் போன ஷம்சூரியிடம், சூராவ் பள்ளிக்குத் தொழப் போகிற நாலு பேர் நிற்கும்போது, “உனக்கெதுக்குய்யா இதெல்லாம்? பல்பு மாட்டவே ஆள் தேடுறவனாச்சே நீ” என்று சொல்லிச் சிரித்தார் பஹாரோம். அந்த நாலு பேரும் சிரித்தார்கள். அதில் ஒருவர் பல் கட்டியிருந்தது கூட ஷம்சூரிக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

“காலையிலேருந்து வாசலை எத்தனை தடவை எட்டிப் பாத்துட்டீங்க?” என்றாள் அவர் மனைவி கல்தூம். “போகணும்னா போங்களேன். இங்க யாரு கட்டிப் போட்டிருக்கா?”

“எனக்கு வேலை கிடக்கு. குழாய் ஒழுகுது.”

“அது போன நோன்புலேருந்து ஒழுகுது.”

“அதான் இன்னைக்குச் சரி பண்றேன்.”

தண்ணீரை நிறுத்தத்தான் முதலில் வெளியே போனார். ரெண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற மதிலில் ரெண்டு தண்ணீர் மீட்டர், ஒன்று மேலே, ஒன்று கீழே. ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வு. எது யாருடையது என்று தெரிந்த ஒரே ஆள் பஹாரோம். மீட்டர் மாட்டின அன்றைக்குப் பக்கத்தில் நின்றவர் அவர்தான். ஒரு வார்த்தை கேட்டால் முடிந்தது. அதைக் கேட்பதைவிட ஷம்சூரி நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாவார்.

தன் வீடு பதினாலு, அந்த வீடு பதினாறு. சின்ன எண் மேலேதான் இருக்க வேண்டும் என்று அவராகவே முடிவு செய்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் பந்தலில் பெண்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. குந்தி உட்கார்ந்து, மேல் வால்வை இறுக்கி மூடிவிட்டு உள்ளே வந்தார்.

வால்வை மூடினால் குழாயைத் திறந்து சோதித்துப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே ஒழுகுகிற குழாயைத் திறந்து வேறு பார்ப்பானேன் என்று ஷம்சூரி அதை விட்டுவிட்டார். ஸ்பேனரை வைத்து ரெண்டு திருகு திருகினார். மூன்றாவது திருகில் குழாய் கையோடு வந்துவிட்டது.

தண்ணீர் எதிர்ச் சுவரில் போய் அடித்தது. அங்கேயிருந்து காற்றாடிக்குப் போனது. காற்றாடி அதை வீடு முழுக்கப் பங்கு வைத்தது. அரிசி டப்பா, அடுப்பு, நாள்காட்டி, கல்தூம் எதுவும் தப்பவில்லை. ஷம்சூரி கட்டை விரலால் ஓட்டையை அடைத்தார். விரலைச் சுற்றி நாலு பக்கமும் பீய்ச்சியது.

“ஒண்ணுமில்ல, பைப்புல மிச்சம் இருக்கிற தண்ணி. இப்ப நின்னுடும்” என்றார்.

கால் மணி நேரம் ஆயிற்று.

“இன்னுமா மிச்சம்?” என்றாள் கல்தூம், முட்டியளவுக்குக் கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

அப்போதுதான் பின்வாசலில் பஹாரோம் வந்து நின்றார். கையில் காலி வாளி.

“என் வீட்டுல தண்ணி நின்னுபோச்சு. கறி கழுவணும்.”

ரெண்டு வருஷத்தில் அவர் பேசிய முதல் பேச்சு அது. எந்த வால்வை மூடினோம் என்று இப்போதுதான் ஷம்சூரிக்குப் புரிந்தது. அடப்பாவி! சொன்னால் பல்புக் கதையோடு இதுவும் சேர்ந்துகொள்ளும். அவர் செத்த பிறகு மய்யத்து பார்க்க வருகிறவர்கள்கூட இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். விரலை லேசாக நகர்த்தி, தண்ணீரை வாளிக்குள் திருப்பிவிட்டார்.

பஹாரோம் வாளியை எடுத்துக்கொண்டு போய், இன்னும் ரெண்டோடு வந்தார். அவருக்குப் பின்னால் அண்டா, குண்டானோடு பந்தல் பெண்கள் வரிசை கட்டினார்கள்.

“நமக்காகத் தன் வீட்டுக் குழாயையே கழட்டி விட்டுட்டாரே மனுஷன்!” என்றாள் ஒரு பெரியம்மா. “இந்தக் காலத்துல யாரு செய்வா? கண்ணு கலங்குது எனக்கு.”

கல்தூம் புருஷனைப் பார்த்தாள். புருஷன் சுவரைப் பார்த்தார். அந்தப் பெரியம்மா பேசாமல் திட்டியிருக்கலாம். பாராட்டைக் கேட்கக் கேட்க அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. பெண்கள் போகிற வரை பொறுத்திருந்தார்.

“பஹாரோம்” என்றார், முகத்தில் தண்ணீர் அடிக்க. “உன் வால்வை மூடினது நான்தான். வால்வு மாறிப்போச்சு.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“நீ குந்தி உக்காந்து மூடினப்ப பந்தலுக்குள்ளதான் நின்னேன்.”

“அட மனுஷா! அப்பவே திறந்துக்க வேண்டியதுதானே?”

பஹாரோம் வாளியின் கைப்பிடியை அப்படியும் இப்படியும் சாய்த்தார். “மூணு நாளா உன் கேட்டு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போறேன். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உள்ள வர்றது? அன்னைக்கு அத்தனை பேர் முன்னால பேசினது நான்தானே. கையில வாளி இருந்தா எதுக்கு வந்தேன்னு யாரும் கேக்க மாட்டாங்கல்ல.”

நல்லவேளை, ஷம்சூரியின் முகம் ஏற்கெனவே நனைந்திருந்தது.

“வா, குழம்புக்கு ஆள் இல்ல” என்றார் பஹாரோம்.

“விரலை எடுத்தா அடிக்கும்யா.”

“கீழ் வால்வு உன்னுது. அதை மூடிட்டு, என்னுதைத் திறந்துட்டு வர்றேன், இரு.”

போனார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் சத்தம் அடங்கியது. காற்றாடி மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

“அப்ப இந்தக் குழாய்?” என்றாள் கல்தூம்.

“ஆளைக் கூப்பிட்டுக்கலாம்” என்றார் ஷம்சூரி. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே பின்வாசலுக்கு வந்தவர், பஹாரோமைப் பார்த்துக் கேட்டார்: “அண்டாவுல இதுவரைக்கும் யாரெல்லாம் கை வெச்சாங்க? உப்பு போட்டாச்சா?”

“அடுப்பே இன்னும் பத்த வைக்கல” என்றார் பஹாரோம்.