பின்பக்கம் இல்லாத டிவி

ஸ்ரீபெரும்புதூரில் நான் வேலை பார்க்கும் கடைக்கு டிவி வாங்க வருகிறவர்கள் முதலில் படத்தைப் பார்க்கமாட்டார்கள். சுவரோரமாகக் குனிந்து, டிவிக்குப் பின்னால் கையை விட்டுத் தடவுவார்கள். "இன்னாபா, பின்னாடி ஒண்ணுமே இல்ல?" என்று, உள்ளே இருந்ததையெல்லாம் நான்தான் உருவிக்கொண்ட மாதிரி கேட்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் சிரித்துக்கொண்டே, "அதான்க்கா இப்ப ஸ்டைலு," என்பேன். எக்ஸ்சேஞ்சில் போட்ட பழைய டப்பா டிவியை மட்டும், வாசல்வரை போனவர்கள் திரும்பி வந்து ஒருமுறை தட்டிக்கொடுத்துவிட்டுப் போவார்கள்.

அப்படி வந்த ஒரு குண்டு டிவியைத்தான் சுங்குவார்சத்திரத்தில் எங்கள் வாடகை வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஆட்டோவில் சீட்டில் அது உட்கார்ந்து வந்தது, நான் தொங்கிக்கொண்டு வந்தேன். டிவி விற்கிறவன் வீட்டில் அதுவரை டிவியே இல்லையா என்றால், இல்லை. வேண்டாம் என்று சொன்னது என் மனைவி சுவாதி.

சுவாதி பக்கத்துக் கம்பெனியில் பேனல் லைனில் இருக்கிறாள். இருட்டறையில் உட்கார்ந்து, புது டிவித் திரையில் ஏதாவது புள்ளி எரியாமல் இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. முழுத் திரையும் சிவப்பாகும், பிறகு பச்சை, பிறகு நீலம், பிறகு வெறும் வெள்ளை. ஷிஃப்ட் முடிந்து வந்து மத்தியானம் படுத்தால் கண்ணுக்குள்ளும் அதே வரிசைதான் ஓடும். "பச்சை வந்துடுச்சு," என்று தூக்கத்தில் முணுமுணுப்பாள். பக்கத்தில் படுத்திருக்கும் எனக்கும் சுவரெல்லாம் மெதுவாக நிறம் மாறுவது போலிருக்கும். வெளியே கம்பெனி பஸ்கள் போகும்போது தரை லேசாக அதிரும். வீடே எங்களை ஏற்றிக்கொண்டு எங்கேயோ போவதாக நினைத்துக்கொண்டு நானும் தூங்கிப்போவேன்.

டிவி வந்தது எங்கள் மகள் மதிவதனிக்காக. கைக்குழந்தையாக இருந்தபோதே அவளைக் காஞ்சிபுரத்தில் சுவாதியின் அக்கா சௌந்தர்யாவிடம் விட்டிருந்தோம். இரண்டு பேருக்கும் வேலை, வேறு வழியில்லை. லீவு கிடைத்தபோதெல்லாம் போய்ப் பார்த்தோம். அக்காவின் பிள்ளைகள் சௌந்தர்யாவை அம்மா என்றன, சுவாதியைச் சித்தி என்றன. பேச்சு வந்தபோது மதியும் அதையே கற்றுக்கொண்டாள். நான் சித்தப்பா ஆனேன். அதில் அப்பாவும் இருக்கிறாரே என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டேன். சித்தியில் சுவாதிக்கு அந்த ஆறுதலும் இல்லை.

அங்கன்வாடியில் சேர்க்கும் வயது வந்ததும் மதியை எங்களோடு அழைத்துவந்துவிட்டோம். அவள் அழவேயில்லை. விருந்தாளி மாதிரி இருந்தாள். "போதும் சித்தி," என்று தட்டை நகர்த்துவாள். தலை வாரக் கூப்பிட்டால் வந்து முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். அதட்டினால் உடனே கேட்பாள். எவ்வளவு சமத்துக் குழந்தை என்று தெருவே மெச்சியது. அந்தச் சமத்துதான் சுவாதியைக் கொன்றுகொண்டிருந்தது. "ஒரு தபா என் முடியப் புடிச்சி இழுத்தான்னா கூட போதும்ங்க," என்பாள்.

குண்டு டிவியை முதலில் போட்ட அன்று மதி அதன் எதிரே போய் நின்றாள். ஙொய்யென்று ஒரு சத்தம், படபடவென்று சின்னப் பொரிச்சல். அவள் கன்னத்தைக் கண்ணாடியில் வைத்தாள். நெற்றி முடியெல்லாம் எழுந்து திரைப்பக்கம் போனது. கைகளில் இருந்த பூனைமுடி சிலிர்த்து நின்றது. கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். எங்கள் வீட்டில் அவள் முதன்முதலாகச் சிரித்தது அன்றுதான்.

"டிவி முத்தா குடுக்குது," என்றாள்.

அதன்பின் அதுதான் அவள் உலகம். படம் எது ஓடினாலும் அவளுக்குக் கவலையில்லை. சாயங்கால வெயில் கதவு வழியாக வந்து தரையில் கிடக்கும். அவள் டிவியோடு கன்னம் சேர்த்து, யாரோ காதில் சொல்லும் கதையைக் கேட்பவள்போல் நின்றுகொண்டிருப்பாள். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். சுவாதியைத்தான் பார்க்க முடியாது.

"டிவியத் தொட்டா சிரிக்கிறா. நான் தொட்டா சும்மா நிக்கிறா," என்றாள் ஒருநாள். கண்ணில் தண்ணீர் நின்றது. ஒரு டிவியைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாளே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் செய்தேன், வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பொறாமையோடு பயமும் சேர்ந்துகொண்டது. அவள் லைனில், உடம்பில் தேங்கும் கரண்ட்டைப் பூமிக்கு அனுப்பிவிட்டுத்தான் பேனலைத் தொடவேண்டும். மணிக்கட்டில் பட்டி, பட்டியில் ஒயர், ஒயர் மேஜையில். நமக்கே தெரியாத ஒரு சின்ன ஷாக், பேனலைக் கொன்றுவிடும் என்று சூப்பர்வைசர் தினமும் ஓதுவார். பேனலுக்கே அப்படியென்றால் பிள்ளைக்கு? அது ஒன்றும் செய்யாது என்று நான் எவ்வளவு சொல்லியும் அவள் மண்டையில் ஏறவில்லை.

ஒருநாள் நான் கடையிலிருந்து வந்தபோது வாசலில் வீட்டு ஓனர் சொர்ணம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"உள்ள போய்ப் பாருப்பா. கொழந்தைய கன்னுக்குட்டி மாதிரி கட்டி வச்சிகினு கீறா உன் பொண்டாட்டி. இன்னா ஆச்சி இவளுக்கு?"

மதியின் வெள்ளிக் கொலுசில் ஒரு செம்புக்கம்பி. மறுமுனை ஜன்னல் கம்பியில். மதி தன்பாட்டுக்கு டிவியில் கன்னத்தை வைத்திருந்தாள். முடி எப்போதும்போல் எழுந்துதான் நின்றது. சுவாதி தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எர்த் குடுத்தும் போவலங்க," என்றாள்.

எனக்கு வந்த கோபம், கம்பியை அவிழ்ப்பதற்குள் வடிந்துவிட்டது. மதி அப்போதும் அழவில்லை. அவிழ்ப்பதற்கு வாகாகக் காலை நீட்டிக் கொடுத்தாள். அதைப் பார்த்ததும்தான் சுவாதி உடைந்துபோனாள். "கட்டிப் போட்டேன்ங்க, அதுக்குக்கூட இன்னான்னு கேக்கல. நான் யாரோதானே அவளுக்கு," என்று தேம்பினாள். "இந்த டிவி வாணாம். எடுத்துகினு போயிடுங்க."

மறுநாள் மதி அங்கன்வாடியில் இருக்கும்போது குண்டு டிவியைக் கடை கோடவுனில் கொண்டுபோய்ப் போட்டேன். ஷோரூமில் டெமோவுக்கு ஓடிய தட்டை டிவி ஒன்றைக் கொண்டுவந்து அதே பலகையில் வைத்தேன். நாளெல்லாம் நான் வாய் ஓயாமல் புகழ்ந்து விற்கிற சரக்கு, எங்கள் வீட்டில் திறந்த ஜன்னல் மாதிரி இருந்தது. கடலடியில் மீன்கள் நீந்தின. ஆரஞ்சும் நீலமுமாக அந்த வெளிச்சம் சுவரெல்லாம் அலைந்தது. எனக்கே கொஞ்ச நேரம் தண்ணீருக்குள் உட்கார்ந்திருப்பது போலிருந்தது.

சுவாதி மதியை அழைத்துக்கொண்டு வந்தாள். மதி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நேரே டிவியிடம் போனாள். கன்னத்தை வைத்தாள். காத்திருந்தாள். மறு கன்னத்தை வைத்தாள். கைகளை நீட்டிப் பூனைமுடியைப் பார்த்தாள், அது படிந்தே கிடந்தது. பக்கவாட்டில் போய்ப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அங்கே சுவர்தான் இருந்தது.

அவள் திரும்பினாள். பக்கத்தில் நின்றது நான். குண்டு டிவியைத் தூக்கிக்கொண்டு போனவனும் நான். என்னை அவள் பார்க்கக்கூட இல்லை. என்னைத் தாண்டி ஓடிப்போய்ச் சுவாதியின் முழங்காலில் இரண்டு கையாலும் அடித்தாள். துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். குனிந்தவளின் முடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு வீடு அதிரக் கத்தினாள்.

"நீதான் எட்த்துட்ட! குடு! அம்மா, குடு! போ அம்மா, நீ பேட்!"

வாசலில் சொர்ணம்மாள் வந்து எட்டிப் பார்த்தார். சமத்துக் குழந்தை தரையில் புரண்டு காலை உதைத்தாள். மறுபடி எழுந்து அடித்தாள். மூக்கு ஒழுகியது. எனக்குத் தாங்கவில்லை. "கோடவுன்லதான் கீது, இதோ போய் எடுத்தாந்துடறேன்," என்று வண்டிச் சாவியை எடுத்தேன்.

சுவாதி முடியை விடுவித்துக்கொள்ளாமலே, கையை நீட்டி என் சட்டையைப் பிடித்தாள். முகமெல்லாம் கண்ணீர்.

"இருங்க, போவாதீங்க," என்றாள். "இன்னொரு தபா கூப்பிடட்டும்."