விட்டாச்சு

போடியில் நூர் முகம்மதின் ஏலக்காய் கம்பெனியில் இங்கிலீஷ் என்றால் அது முத்துப்பிரியாதான். தினமும் ராசிங்காபுரத்திலிருந்து எட்டரை மணி பஸ்ஸைப் பிடித்து வருவாள். கல்லூரியில் படித்ததைவிட, ஆறு வருஷமாக வெளிநாட்டுக்கு மெயில் அடித்து அடித்துக் கற்றுக்கொண்டதுதான் அதிகம். முதலாளி தமிழில் சொல்வார், இவள் இங்கிலீஷில் எழுதுவாள். அனுப்பும் முன் அவர் ஒரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். அவ்வளவுதான்.

மார்கழி மாதம் இங்கிலாந்தில் சரக்கு வாங்கும் ஹெலன் என்ற அம்மையார் ஒரு மெயில் அனுப்பியிருந்தார். ஐப்பசியில் அனுப்பிய சரக்கில் இரண்டு பெட்டி பூசணம் பிடித்துக் கிடந்ததாம். படமும் கூடவே வந்திருந்தது. நல்ல பச்சைக் காயின் மேல் சாம்பலை அள்ளித் தூவியதுபோல் இருந்தது.

நூர் முகம்மது படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு சுமை தூக்கும் பால்சாமியைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"அன்னைக்கு ஒரு நாள் சாயங்காலம் சாரல் அடிச்சுச்சுல்ல மொதலாளி, அப்ப மூட்டை ஷெட்டுல கெடந்துச்சு. நான்தான் பாத்துட்டு உள்ள தூக்கிப் போட்டேன். மேல தொட்டுப் பாத்தப்ப ஒண்ணும் தெரியல."

குடோன் பொறுப்பு திருப்பதியுடையது. சிலமலைக்காரர், பதினேழு வருஷமாக அங்கே இருக்கிறார். அவரும் பக்கத்தில்தான் நின்றார். ஒன்றும் பேசவில்லை.

நூர் முகம்மது சத்தம் போடுகிற ஆளில்லை. "சரி, கவனிக்காம விட்டாச்சு. மூட்டை ஷெட்டுல இருந்தப்ப நனைஞ்சிருச்சுன்னு எழுதிரும்மா" என்றார்.

அந்தச் சாயங்காலம் முத்துப்பிரியாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மலையிலிருந்து இறங்கிய லோடை ஷெட்டில் இறக்கிக்கொண்டிருந்தபோது முதலாளியிடமிருந்து திருப்பதிக்கு போன் வந்தது. மலையேறும் மெட்டு ரோட்டில் கார் நின்றுவிட்டது, மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு ஜீப்பில் வா என்றார். திருப்பதி கிளம்பும்போது ஜன்னல் பக்கம் வந்து, "பிரியா, மலைப்பக்கம் கருக்குது. பால்சாமி வந்ததும் மூட்டைய வெரசா உள்ள எடுத்துப் போடச் சொல்லிரு" என்று சொல்லிவிட்டுப் போனார். சரிண்ணே என்று தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாள். கையில் ஒரு மெயில் பாதியில் நின்றது. அதை முடித்து நிமிர்ந்தபோது தகரத்தின் மேல் மழை தடதடத்துக்கொண்டிருந்தது. பால்சாமி அதற்குள் தானாகவே மூட்டைகளைத் தூக்கிக்கொண்டிருந்தான். நனையவில்லை போலிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அதோடு அதை மறந்தும் போனாள்.

முதலாளி சொன்னபடியே அடித்து அனுப்பினாள். மூட்டைகள் ஷெட்டில் விடப்பட்டன, நனைந்துவிட்டன.

மறுநாள் ஹெலனிடமிருந்து பதில் வந்தது. மரியாதையாக, சின்னதாக, இரண்டே கேள்வி. 'இன் தெ ஷெட்' என்று எழுதியிருக்கிறீர்கள், சுவருக்குள்ளேயா அல்லது கூரைக்கு அடியிலா? யார் விட்டது?

முத்துப்பிரியா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஷெட்டுல என்று தமிழில் சொன்னால் போதும். அந்த ஒரு 'ல' உள்ளே, அடியில், ஓரத்தில் எல்லாவற்றையும் தாங்கிக்கொள்ளும். இங்கிலீஷ்காரிக்கு அது போதவில்லை. அவர்கள் 'இன்' என்றால் நாலு சுவர் வேண்டும். இங்கே நாலு தூணும் ஒரு தகரமும்தான், அதனால் 'அண்டர்' என்று போட்டிருக்க வேண்டும். இந்தக் கேள்விக்குப் பதில் எழுதிவிடலாம். மற்றதற்கு?

விட்டாச்சு. யாரும் இல்லாமலே அந்த வார்த்தை நிற்கிறது. நானா, நீயா, அவரா என்று அதற்குள் ஒருவரும் இல்லை. இத்தனை வருஷம் அதை அவள் கவனித்ததே இல்லை. இங்கிலீஷில் மூட்டையையே முன்னால் நிறுத்தி ஒரு தடவை தப்பித்தாயிற்று. மறுபடி அதே வாக்கியத்தை அனுப்ப முடியாது.

நூர் முகம்மதிடம் கேள்வியை வாசித்துக் காட்டினாள்.

"திருப்பதி பேரப் போட்டுரு. ஆள மாத்திட்டோம்னு ஒரு வரி சேத்துக்க. அவங்களுக்கு யாராவது ஒரு ஆளக் காட்டணும்ல" என்றார் அவர். "நெசமா மாத்தப் போறதில்ல. ஆனா அந்தம்மா அடுத்த மாசம் நேர்ல வருது. அது வந்துட்டுப் போற வரைக்கும் அவன் தோட்டத்துப் பக்கம் போய் இருக்கட்டும்."

முத்துப்பிரியா தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கலாம் என்று அடிக்க ஆரம்பித்தாள். மூட்டைகளை உள்ளே எடுக்கும்படி திருப்பதி என்னிடம் சொன்னார் என்பதுதான் மனதில் ஓடியது. 'என்னிடம்' என்பது மனதில் முந்திக்கொண்டது. கையும் அதே போக்கில் போயிற்று. முடித்து வாசித்தாள். 'ஐ ஆஸ்க்ட் திருப்பதி டு மூவ் தெ பேக்ஸ்.'

நான் திருப்பதியிடம் சொன்னேன் என்று ஆகிவிட்டிருந்தது.

அவள் அதை அழிக்கவில்லை. உடனே அழிக்க முடியவில்லை என்பதுதான் சரி. தமிழில் யாரை எங்கே தூக்கி வைத்தாலும் 'இடம்', 'ஐ', 'கு' என்று அவரவர் வேற்றுமை உருபு வால்போல அவரவரோடு வந்துவிடும், இடம் மாறினாலும் ஆள் மாறாது. இங்கிலீஷில் வினைக்கு முன்னால் யார் நிற்கிறாரோ அவர்தான் செய்தவர். அந்த வாக்கியத்தில் ஒரு பிழை இல்லை. எழுவாய் இருந்தது, வினை இருந்தது, எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. முதலாளி கேட்டாலும் நம்புவார், ஹெலனும் நம்புவார். திருப்பதியும் மறுத்துப் பேசமாட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. நேற்று அவர் பேசாமல் நின்றதும் அவளைக் காட்டிக்கொடுக்காமல்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

வெளியே தரம் பிரிக்கும் பெண்கள் டீ குடிக்க எழுந்தார்கள். முத்துப்பிரியா அந்த வாக்கியத்தைக் கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழித்தாள். பிறகு எழுந்து முதலாளியிடம் போனாள்.

"மொதலாளி, திருப்பதி அண்ணே பேரப் போட முடியாது. அவரு போறப்ப எங்கிட்டத்தான் சொல்லிட்டுப் போனாரு. நான் மெயில் சோலில மறந்துட்டேன்."

நூர் முகம்மது கண்ணாடியைக் கழற்றினார். "இத ஏம்மா நேத்தே சொல்லல?"

"பயந்துட்டேன்."

அவள் நின்றுகொண்டே இருந்தாள். வேலையை விட்டுப் போகச் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தாள்.

"அப்ப 'வீ'ன்னு போட்டுருவோமா? நாங்கதான் விட்டோம்னு" என்று கேட்டார்.

"போடலாம் மொதலாளி. ஆனா அதுக்குள்ள திருப்பதி அண்ணனும் வந்துருவாருல்ல. பால்சாமியும் வருவான். அந்தம்மா யாருன்னுதான கேக்குது."

நூர் முகம்மது கண்ணாடியைத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "சரி, எழுது. என்ன நடந்துச்சோ அதயே எழுது. ஆனா முத வரி என்னுது. நான் திருப்பதியக் கூப்பிட்டேன், அதனால அவன் போனான். சோலியக் கெடுத்து ஆளக் கூப்பிட்டது நான்தான?"

அப்படியே எழுதினாள். முதல் வாக்கியத்தில் முதலாளி திருப்பதியைக் கூப்பிட்டார். இரண்டாவதில் திருப்பதி அவளிடம் சொன்னார். மூன்றாவது மிகவும் சின்னது, அவள் மறந்தாள். மூட்டைகள் கூரைக்கு அடியில் இருந்தன, உள்ளே இல்லை. வாசித்துக் காட்டினாள். நூர் முகம்மது ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. தெளிவாக எழுதியதற்கு நன்றி என்று ஹெலன் எழுதியிருந்தார். இனி சரக்கு இறங்கிய உடனே உள்ளே போக வேண்டும், அதற்கு ஒரு ஆளும் ஒரு மாற்று ஆளும் பேரோடு வேண்டும், அடுத்த மாதம் வரும்போது பார்ப்பேன். ஆளாகத் திருப்பதியின் பேரையும் மாற்று ஆளாக முத்துப்பிரியாவின் பேரையும் நூர் முகம்மது எழுதச் சொன்னார்.

அன்று மத்தியானம் குடோன் வாசலில் திருப்பதி டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். முத்துப்பிரியா பக்கத்தில் போய் நின்றாள்.

"ஏண்ணே அன்னைக்கு மொதலாளிகிட்ட நீங்க சொல்லல?"

அவர் தண்ணீரை உதறினார். "நான் சொன்னா கோள் மூட்டுன மாதிரி ஆயிரும். நீயே சொல்லுவேன்னு இருந்தேன். ஒரு நாள் போயிருச்சு, கொஞ்சம் கோவமாத்தான் இருந்துச்சு."

"இப்பவும் இருக்கா?"

"இருக்கு" என்றார் திருப்பதி. "நாளைக்குச் சரியாயிரும். அந்த மெயில்ல என்னயப் பத்தி என்ன போட்டுருக்குன்னு ஒரு தடவ வாசிச்சுக் காட்டு. தமிழ்ல வேணாம். அதுல எப்படி இருக்கோ அப்படியே வாசி."

அவள் போனை எடுத்தாள். திருப்பதி கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, தன் பேர் எங்கே வருகிறது என்று கவனமாகக் கேட்டார்.